அரண்மனைக்கு வந்த வெற்றிலைச் செல்லம்

ரொம்பக் காலத்துக்கு முன்னாலே மஞ்சனூர் என்கிற நாட்டைக் கோமளவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். ஆள் நல்லவன்தான். ஆனால் காலையில் தட்டிக்கொடுத்த முதுகிலேயே மத்தியானம் சாட்டையால் அடிக்கச் சொல்வான். சபையில் இருக்கிறவர்கள் எந்நேரமும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அவனுடைய மந்திரி மதிசூடி ஒரு சட்டம் கொண்டுவந்திருந்தார். வெளியூர்ச் சரக்கு வேண்டுமா? விலையைக் கருவூலத்தில் கட்டிவிட்டுச் சொல்லியனுப்பலாம். விற்கிறவர் சரக்கை அஞ்சல் சாவடியில் ஒப்படைத்தால், சாவடிக்காரர் ஒரு களிமண் வில்லையில் அனுப்பிய நாள், சேருமிடம், பெறுபவர் பேர் மூன்றையும் கீறி முத்திரை குத்தித் தருவார். சரக்கு வரவில்லை என்று வாங்கினவர் சாதித்தாலும், வில்லையைக் காட்டினால் பணம் விற்றவருக்கே. வில்லை சரியில்லை என்றால் விற்றவர் பொய்யர், அவர் பட்டறை பறிமுதல்.

சட்டத்தால் மந்திரிக்கு ஊரெல்லாம் நல்ல பேர். கருவூலத் தலைவர் பூபாலருக்கு இது பொறுக்குமா? சரக்கே வராமல் பணம் போகிற சட்டம் இது என்று சபையில் காட்டிவிட நினைத்தார். தென்காட்டில் பாத்திரப் பட்டறை வைத்திருந்த கன்னார் பெண் உலகம்மையிடம், மயில் மூடி வைத்த பித்தளை வெற்றிலைச் செல்லப் பெட்டி ஒன்று வேண்டுமென்று சொல்லியனுப்பினார். அஞ்சல் ஓட்டக்காரன் வழக்கம்போல எல்லாப் பொதிகளையும் கோட்டை வாசலில் இறக்கிவிட்டுப் போனான். பூபாலர் தன் பொதியைக் கமுக்கமாக எடுத்து வீட்டுக்குள் வைத்துக்கொண்டார். சபைக்கு வந்து, "வரவே இல்லை பிரபு" என்று கையை விரித்தார்.

உலகம்மையை வரவழைத்தார்கள். வழி நெடுக அவளுக்குப் பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை. பட்டறை போனால் பிள்ளைகளோடு தெருவில்தான் நிற்க வேண்டும். மடியிலிருந்து வில்லையை எடுத்து நீட்டினாள்.

பூபாலர் வாங்கிப் பார்த்தார். வாயெல்லாம் பல். "நாள் இருக்கிறது. சேருமிடம் 'அரண்மனை' என்றிருக்கிறது. ஆனால் என் பேர் எங்கே?"

உலகம்மை வில்லையை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். "ஐயா, உங்க பேரைச் சொல்லித்தான் குடுத்தேன்! அன்னைக்குக் கொட்டுற மழை. சாவடிக்காரர் பாதி எழுதி, துணியில சுத்திக் குடுத்துட்டாரு. ஊர்ப் பாத்திரத்துக்கெல்லாம் பேர் வெட்டுறவ, என் வில்லையைப் பிரிச்சு வாசிக்காம வந்துட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"சட்டம் சட்டம்தானே பிரபு? பட்டறையைப் பறிக்க வேண்டியதுதான்" என்றார் பூபாலர்.

ராஜா மந்திரி பக்கம் திரும்பினான். "மதிசூடி, உன் சட்டம் ஓர் ஏழையின் சோற்றில் மண்ணைப் போடுகிறது. பட்டறை போகட்டும், கூடவே உன் பதவியும் போகட்டும்."

பொதி பூபாலர் வீட்டில்தான் இருக்கும் என்பது மந்திரியின் ஊகம் மட்டுமே. ஊகம் பொய்த்தால் இரண்டு குடும்பம் நாசம். ஆனாலும் பயத்தை விழுங்கிக்கொண்டு கேட்டார்.

"பூபாலரே, இந்தப் பொதி உம்முடையது இல்லை. நிச்சயம்தானே?"

"என் பேரே இல்லையே ஐயா! எப்படி என்னுடையதாகும்?"

"சரி. பிரபு, யார் பேரும் போடாமல் அரண்மனைக்கு வருகிற பொதி யாருக்குச் சொந்தம்?"

"இதென்ன கேள்வி? எனக்குத்தான்!"

"அப்படியானால் அரசருக்கு வந்த பொதியைக் கோட்டை வாசலிலிருந்து எவனோ திருடியிருக்கிறான். கோட்டைக்குள் இருக்கிற வீடுகளைச் சோதிக்க உத்தரவு வேண்டும். முதலில் என் வீடு, அடுத்து பூபாலர் வீடு."

ராஜாவுக்குக் கண் சிவந்துவிட்டது. "என் பொருளையா? எடுத்தவன் கையை வெட்டுங்கள்!"

காவலர்கள் வேல்களைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். உலகம்மை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மந்திரி கண்ணை மூடிக்கொண்டார். காவலர்கள் வாசலைத் தாண்டவில்லை, அதற்குள் பூபாலர் பொத்தென்று ராஜாவின் காலில் விழுந்தார்.

"வேண்டாம் பிரபு! அது திருட்டு இல்லை! எனக்கு வந்த பொதிதான், என் வீட்டில்தான் இருக்கிறது!"

"அடப்பாவி! பேரே இல்லை என்றாயே?"

மந்திரி அப்போதுதான் மூச்சு விட்டார்.

உலகம்மைக்கு விலையோடு சன்மானமும் கிடைத்தது. மந்திரிக்கு ராஜா தன் கழுத்து மாலையைக் கழற்றிப் போட்டான். "வில்லையில் பேர் இல்லை என்று கண்டுபிடித்தாயே, இனி நீயே பேர் எழுது" என்று பூபாலரைத் தென்காட்டு அஞ்சல் சாவடிக்கு எழுத்தராக அனுப்பிவிட்டான்.

அடுத்த மழைக்கு உலகம்மை அதே சாவடிக்கு ஒரு பொதியோடு வந்தாள். பூபாலர் தலை நிமிராமல் கீறி, துணியில் சுற்றி நீட்டினார். பின்னால் நனைந்துகொண்டு நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் அசையவில்லை. நின்ற இடத்திலேயே துணியைப் பிரித்து, ஓரெழுத்து விடாமல் வாசித்துவிட்டு, வில்லையைத் திருப்பி நீட்டினாள்.

"தெருப்பேர் விட்டுப்போச்சுங்க ஐயா."