வெள்ளாம்பட்டி மாணவர் சங்கத்தின் ஐந்தாண்டு இலக்கு

வெள்ளாம்பட்டி பல்கலைக்கழகத்தில் மாணவர் சங்கத் தேர்தல் நடந்த அன்றைக்குக் கேன்டீனில் பிரியாணி. ஓட்டுப் போட ஒருவரும் வரவில்லை. போட்டியிட்ட நாலு பேரும் தங்களுக்குத் தாங்களே ஓட்டுப் போட்டுக்கொண்டு ஜெயித்துவிட்டார்கள்.

தலைவர் குணசீலன் எதையும் நின்று நிதானித்துத் தப்பாகப் புரிந்துகொள்கிறவன். துணைத் தலைவர் ஆசிக், சோடாபுட்டிக் கண்ணாடிக்காரன். செயலாளர் ஜெசிந்தா யார் எதைச் சொன்னாலும் நோட்டில் எழுதிவிடுவாள், தும்மினால்கூட. நாலாவது ஆள் பூவேந்தன், தமிழ் எம்.ஏ. இலக்கணம் தெரிந்தவன் என்பதால் சங்கத்துக்கு மூளை அவன்தான்.

ஒரு திங்கட்கிழமை பதிவாளர் அரங்கநாயகி அம்மாள் நாலு பேரையும் கூப்பிட்டார்.

"சங்கத்துக்குன்னு ரூம் கொடுத்து மூணு மாசம் ஆச்சு. என்ன பண்ணீங்க?"

"பூட்டு மாத்தினோம் மேடம்" என்றான் குணசீலன்.

"அஞ்சு வருஷத்துக்கு ஒரு நீண்ட கால இலக்கு எழுதிக் கொடுங்க. தொலைநோக்கோட யோசிக்கணும். மாணவர்களோட நாடியைப் பிடிச்சுப் பார்க்கணும். வெள்ளிக்கிழமைக்குள்ள வரலேன்னா அந்த ரூமை உடைஞ்ச பெஞ்சு போட எடுத்துக்குவேன்."

வளாகத்திலேயே ஒழுங்காகச் சுற்றுகிற ஒரே ஃபேன் அந்த ரூமில்தான் இருந்தது.

தொலைவில் நோக்க வேண்டுமென்றால் உயரமான இடம் வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை விடுதித் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறினார்கள். ஆசிக் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்தான்.

"இது கிட்டப்பார்வைக் கண்ணாடி. தொலைநோக்குக்கு ஆகாது" என்றான்.

"சரி, என்ன தெரியுது?" என்று கேட்டான் தலைவர்.

ஆசிக் நெற்றியில் கை வைத்து வெகுநேரம் பார்த்தான். "தலைவரே, எதிர்காலம் ஒரே மங்கலா இருக்கு."

ஜெசிந்தா எழுதிக்கொண்டாள். அந்தச் செய்தியின் பாரத்தோடு நாலு பேரும் இறங்கினார்கள். ஆசிக்குக்குக் கடைசிப் படியும் மங்கலாகத்தான் தெரிந்தது. சறுக்கியவன் கைக்கு எட்டியதைப் பிடித்துத் தொங்கினான். அது வால்வு. அன்றைக்கு விடுதியில் எழுநூறு பேர் குளிக்கவில்லை.

புதன்கிழமை நூலக வாசலில் நின்றுகொண்டு, வருகிறவர்கள் மணிக்கட்டையெல்லாம் பிடித்து நாடி பார்த்தார்கள்.

"அண்ணே, லைப்ரரியில ஒரு ஃபேன்கூட ஓடல" என்றாள் ஒரு முதலாமாண்டு மாணவி.

"பேசாதம்மா, எண்ணிக்கை தப்பிடும்" என்றான் குணசீலன்.

மத்தியானம் வரை சிக்கலில்லை. பிறகு மாணிக்கவேல் என்ற வேதியியல் மாணவன் வந்தான். தலைவர் அவன் கடிகாரப் பட்டையின் மேல் விரலை வைத்துக் காத்திருந்தான். ஒன்றுமில்லை. இன்னும் அழுத்தினான். ஒன்றுமே இல்லை. தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஜெசிந்தா, எழுதிக்கோ. நம்ம மாணிக்கவேல் போயிட்டான்."

"எங்க போனேன்? இங்கதானே இருக்கேன்" என்றான் மாணிக்கவேல்.

"அதிர்ச்சியில பேசறான்" என்றான் பூவேந்தன்.

மாலையில் இரங்கல் கூட்டம். மாணிக்கவேலும் வந்திருந்தான், வராவிட்டால் நன்றாக இருக்காது அல்லவா? இரண்டு நிமிட மௌன அஞ்சலிக்கு எல்லோரோடும் எழுந்து நின்றான். தன்னைப் பற்றி இவ்வளவு நல்லதாக யாரும் பேசியதில்லை என்று கடைசியில் அழுதுகூட விட்டான்.

வியாழக்கிழமை இலக்கை எழுத உட்கார்ந்தார்கள். பூவேந்தன் கதவைச் சாத்தினான்.

"நீண்ட கால இலக்குன்னா நெட்டெழுத்தாலதான் எழுதணும். ஒரு குறில் வந்தாலும் அது குறுகிய கால இலக்கு ஆயிடும்."

"புள்ளி வச்ச எழுத்து?"

"அது அரை மாத்திரை. சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிடும்."

மூவரும் மெய்சிலிர்த்துப் போனார்கள். மூளை என்றால் இதுதான் மூளை.

"கல்வி வளர்ச்சி?" என்றான் ஆசிக்.

"முதல் எழுத்தே குறில்."

"மாணவர் நலன்?"

"மா மட்டும் தேறும்."

ஜெசிந்தா 'மா' என்று எழுதினாள். ஒரு மணி நேரத்துக்கு அதுதான் சங்கத்தின் இலக்காக இருந்தது.

"மாவை வச்சுக்கிட்டு அஞ்சு வருஷம் என்ன பண்றது? புளிச்சுப் போயிடுமே" என்றான் தலைவர்.

"தோசை சுடலாம்" என்றாள் ஜெசிந்தா.

பூவேந்தன் துள்ளி எழுந்தான். "தோ, நெடில்! சை, அதுவும் நெடில்!"

"வெறும் தோசைன்னு எழுதினா கௌரவமா இருக்குமா? சூடான தோசை?"

"ன குறில்."

"சூடாக?"

"க குறில்."

"சூடா?"

பூவேந்தன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். குற்றமே இல்லை.

காலத்தைக் குறிப்பிட 'நாளை' என்று சேர்க்கலாம் என்றான் ஆசிக். நாளை என்பது நீண்ட காலமா என்று தலைவருக்குச் சந்தேகம்.

"எங்க வீட்டுக் குழாயை ரிப்பேர் பண்ண நாளைக்கு வரேன்னு சொன்னவர் வராம ரெண்டு வருஷம் ஆச்சு" என்றாள் ஜெசிந்தா. சந்தேகம் தீர்ந்தது.

வெள்ளிக்கிழமை பதிவாளர் அந்தக் காகிதத்தைப் படித்தார். 'நாளை சூடா தோசை.' திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் காலி.

"இதுதான் அஞ்சு வருஷ இலக்கா?"

"ஒரு குறில்கூட இல்லை மேடம்" என்றான் தலைவர் பெருமையாக.

அரங்கநாயகி அம்மாள் பதினெட்டு வருடமாக அந்தக் கேன்டீனில் சாப்பிடுகிறவர். சூடாக ஒரு தோசையை அவர் கண்டதில்லை. பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டார். 'மேற்படி இலக்கு நிறைவேறும் வரை அறை சங்கத்திடமே இருக்கும்' என்று உத்தரவும் வந்தது. அதன் நகல் ஒன்று கேன்டீன் மாஸ்டர் சடையப்பனுக்குப் போனது.

தன் தோசையைப் பற்றிப் பல்கலைக்கழக முத்திரையோடு காகிதம் வந்ததில் சடையப்பன் நெகிழ்ந்து போனார். சனிக்கிழமை காலை, கல்லிலிருந்து எடுத்த தோசையை ஆவி பறக்கத் தட்டில் போட்டார்.

ஜெசிந்தா மூச்சிரைக்க ஓடி வந்தாள். "தலைவரே, இலக்கு நிறைவேறப் போவுது! ரூம் போச்சு!"

"நாளைன்னுதானே எழுதினோம்? இன்னைக்கு எப்படி?"

"நேத்து கொடுத்த நாளை இன்னைக்குத்தான்" என்றான் பூவேந்தன். இலக்கணம் அவனையே திருப்பிக் கடித்துவிட்டது.

நாலு பேரும் கேன்டீனுக்குப் பாய்ந்தார்கள். முதலில் ஊதி ஊதி ஆற வைத்தார்கள். மாஸ்டரின் கை வேகத்துக்கு அவர்கள் வாய் ஈடுகொடுக்கவில்லை. வேறு வழியில்லாமல், மாணவர்கள் கையில் கிடைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு தோசையையும் தாங்களே தின்று தீர்க்க ஆரம்பித்தார்கள். ஆளுக்குப் பதினொன்றாவது தோசையில் ஆசிக் சுவரில் சாய்ந்துவிட்டான்.

"தலைவரே, இப்படியே அஞ்சு வருஷம் தாங்காது."

மத்தியானமே அறிவிப்புப் பலகையில் காகிதம் ஒட்டினார்கள்: 'சங்கத்தின் இலக்கு நிறைவேறாமல் தடுக்கத் தொண்டர்கள் தேவை. காலையில் சாப்பிடாமல் வரவும்.'

திங்கட்கிழமை எழுநூறு தொண்டர்கள் வந்தார்கள். வரிசையில் நின்று, ஆளுக்கு ஒரு தட்டு வாங்கி, பொறுப்போடு தடுத்தார்கள். வரிசையின் கடைசியில் கைப்பையோடு அரங்கநாயகி அம்மாளும் நின்றார்.

அன்று மாலை ஜெசிந்தா சங்க நோட்டில் எழுதினாள்: 'இன்றும் ஒரு மாணவருக்குக்கூடச் சூடாகத் தோசை கிடைக்காமல் பார்த்துக்கொண்டோம். பதிவாளர் அம்மாள் மட்டும் மூன்று தடுத்தார், ஒன்று நெய்யில்.'