பாராக்காரர் தெருவும் ரீங்காரப் பெட்டியும்

மடியில் முறம், முறத்தில் முருங்கைக்கீரை. உருவ உருவக் குறையவே மாட்டேன் என்கிறது. கை அதுபாட்டுக்கு உருவட்டும், நான் கதையைச் சொல்கிறேன். மெதுவாகத்தான் சொல்வேன். உள்ளே பிள்ளை தூங்குகிறான்.

கரிசல்கோட்டை என்று ஒரு ராஜ்யம். ராஜா பெயர் வீரகஜேந்திரர். ராஜா இருந்த காலத்தில் சோலார் தகடு ஏது என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. இந்தக் கதையில் இரண்டும் இருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த ஊர் வெயில் சும்மா வெயில் இல்லை. தரையில் ஊற்றின தோசை மாவு திருப்பிப் போடாமலே வெந்துவிடும். ராஜாவுக்கு ஆசை வந்தது. "இந்த வெயிலைப் பிடித்து ஊருக்கெல்லாம் விளக்கு எரிக்க வேண்டும்" என்றார். தகடுகள் வந்து இறங்கின. கூடவே, வெயிலை விளக்குக்கு ஏற்ற மாதிரி மாற்றித் தருகிற பெரிய இரும்புப் பெட்டியும் வந்தது.

முதலில் பார்த்த இடம் மந்திரி அனந்தப்பர் மாளிகைக்குப் பின்னால் இருந்த பொட்டல். என்ன மாயமோ, ஒரே வாரத்தில் இடம் மாறிப் பாராக்காரர் தெருவுக்கு வந்துவிட்டது.

பாராக்காரர்கள் யாரென்றால், ராத்திரி முழுக்கத் தமுக்கு அடித்து "பாரா உஷார்!" என்று கத்திக்கொண்டு கோட்டையைக் காவல் காப்பவர்கள். விடிந்ததும் வீட்டுக்கு வந்து, கஞ்சி குடித்துவிட்டுப் படுப்பார்கள். பகலில் அந்தத் தெருவில் நாய்கூடக் குரைக்காது. அம்மிகூட அரைக்க மாட்டார்கள்.

இடம் மாறின சேதி தெரிந்ததும் தெருவே சபைக்கு வந்து நின்றது. ஆண்பிள்ளைகள் கொட்டாவி விட்டுக்கொண்டு நின்றார்கள். பேசினது ஒரு பாராக்காரர் பெண்சாதி இருளாயிதான்.

"சாமி, தகடு வாயில்லாப் பூச்சி. அதுமேல எங்களுக்குக் கோவம் இல்ல. அந்தப் பொட்டிதான் பொல்லாதது. என் தங்கச்சி வாக்கப்பட்ட ஊர்ல ஒண்ணு நிக்குது. பொழுது ஏறினா ஙொய்ய்ங்னு ஆரம்பிச்சு, அடையிற வரைக்கும் ஓயாது. எங்க வீட்டுக்காரர் பகல்ல தூங்கலேன்னா ராவுல கோட்டை வாசல்ல சாய்ஞ்சிருவாரு. பாராவுல தூங்கினா சவுக்கடி. நான் என்ன பண்ணுவேன்?"

அனந்தப்பர் சிரித்தார். "கேட்டீர்களா மகாராஜா! ராத்திரியெல்லாம் தமுக்கடித்து நம்மை எழுப்புகிறவர்களுக்குச் சத்தம் ஆகாதாம். அந்த ஊருக்குப் போய்ப் பெட்டியை நேரில் பார்த்து வந்தவன் நான். மூச்சுச் சத்தம்கூடக் கிடையாது."

"பகல்லயா பாத்தீங்க, பொழுது சாஞ்சப்புறமா?" என்றாள் இருளாயி.

மந்திரி அங்கவஸ்திரத்தை உதறிப் போட்டுக்கொண்டார். உடனே பேச்சை மாற்றினார். "மனுஷன் பகலில் தூங்கலாமா மகாராஜா? சோம்பேறித்தனம்!"

ராஜாவுக்கு அது நியாயமாகப் பட்டது. "சரிதான். இன்று முதல் என் ராஜ்யத்தில் எல்லோரும் இரவில்தான் தூங்க வேண்டும். பகலில் தூங்குவது குற்றம். இது கட்டளை!"

இருளாயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூலையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த அரண்மனை விகடகவி சாத்தப்பன் எழுந்து, "ஆகட்டும் மகாராஜா. ஒரு எழுத்துப் பிசகாமல் நடக்கும்" என்று கும்பிட்டுவிட்டுப் போனான்.

மறுநாள் மத்தியானம். ராஜா நெய்ச்சோறும் வற்றல்குழம்பும் வயிறு முட்டச் சாப்பிட்டுக் கட்டிலில் சாய்ந்தார். கண் செருகுகிற நேரம்.

டம டம டம டம! "பாரா உஷாஆஆர்!"

ராஜா கட்டிலைவிட்டு எகிறினார். சன்னலுக்குக் கீழே பாராக்காரர்கள் அத்தனை பேரும் தமுக்கோடு நிற்கிறார்கள். முன்னால் சாத்தப்பன்.

"அடேய் சாத்தப்பா! உச்சி வெயிலில் எவனடா பாரா வருவான்?"

"கட்டளைப்படி இவர்கள் ராத்திரி நன்றாகத் தூங்கினார்கள் மகாராஜா. வேலையைச் செய்ய வேண்டாமா? அதனால் பகலில் பாரா. தாங்கள் தூங்கவில்லையே? தூங்கியிருந்தால் குற்றமாச்சே!"

ராஜா விழித்தார். "அப்படியானால்... ராத்திரி கோட்டையை யார் காத்தார்கள்?"

"யாருமில்லை. நான்கூட உள்ளே வந்து செங்கோலை எடுத்துக்கொண்டு போனேன். யாரென்று கேட்க ஒரு நாதி இல்லை."

"என் செங்கோலா! எங்கேடா அது?"

"பத்திரமாக இருக்கிறது மகாராஜா. என் வீட்டுக்காரி அதில் துணி காயப்போட்டிருக்கிறாள். காய்ந்ததும் கொண்டுவருகிறேன்."

ராஜாவுக்குக் கோபம் வந்தது, பாதி வழியிலே புத்தியும் வந்தது. மந்திரியைக் கூப்பிட்டனுப்பினார்.

"அனந்தப்பரே, பெட்டி சத்தமே போடாது என்றீரே?"

"போடாது மகாராஜா. சத்தியம்!"

"நல்லது. அப்படியானால் பழைய இடத்திலேயே வைத்துவிடுவோம். உமது மாளிகைக்குப் பின்னால், நீர் கட்டில் போட்டிருக்கிற சன்னலோரமாக."

அனந்தப்பர் முகம் சுண்டிப்போயிற்று. "ஐயோ, வேண்டாம் மகாராஜா! பகலெல்லாம் அது ஙொய்யென்று கத்துமே! சாப்பிட்டபிறகு நான் எப்படிக் கண்ணசருவேன்?"

சாத்தப்பன் பதறிப்போய் மந்திரியின் வாயைப் பொத்தினான்.

"மெதுவாகப் பேசுங்கள் மந்திரியாரே! பகலில் தூங்குகிறவரைப் பிடிக்கத்தானே இத்தனை பாராக்காரரும் நிற்கிறார்கள்!"

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று உருண்டது. கட்டளை அப்போதே ரத்து. தகடெல்லாம் ஏரிக்கு அந்தப் பக்கம் போயிற்று. பெட்டி எருமைகள் ஊறுகிற குட்டைக்கரையில் நின்றது. எருமைகள் இன்றுவரை மனுக் கொடுக்கவில்லை.

சாத்தப்பனுக்கு முத்துமாலை கிடைத்தது. "உனக்கு என்னம்மா வேண்டும்?" என்று ராஜா இருளாயியையும் கேட்டார். அவள் முந்தானையைத் திருகிக்கொண்டே, "ஒண்ணும் வேண்டாம் சாமி. எங்காளு வந்து படுக்கிற நேரம் பார்த்துத்தான் அரண்மனைச் சேவல் கூவுது. அதை மட்டும் கொஞ்சம்..." என்றாள். அதற்கு ராஜா...

"ஏ தனம்! பிள்ளை முழிச்சு அழுவுறான் பாரு!"

இதோ வந்துட்டேன் அத்தை! அந்தச் சேவலுக்கு ராஜா என்ன செய்தாரென்றால், முதலில் அதைக் கையில் பிடித்து... இருங்கள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து மீதியைச் சொல்கிறேன்.