டம்மியின் வேலை

"கம்ப்யூட்டரை ஜெயிச்சுடறேன், டீச்சர். மனுஷங்களோட உட்கார்ந்தா தோத்துப் போறேன். ஏன்னே புரியல."

சொன்னவர் நாச்சிமுத்து. நூற்பாலையில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர்.

கேட்டுக்கொண்டிருந்தவர் ரெஜினா டீச்சர். கோவையில் ஒரு மனமகிழ் மன்றத்தின் மாடியில் பிரிட்ஜ் சீட்டாட்டம் சொல்லிக்கொடுக்கிறவர். நாச்சிமுத்துவின் மகள் வயதுதான் இருக்கும்.

"எத்தனை நாளா கம்ப்யூட்டரோட ஆடறீங்க?"

"ரெண்டு வருஷமா. தினமும்."

"அதுக்கு முன்னாடி?"

"என் சம்சாரம் வசந்தாமணிதான் ஜோடி. ஒரு நாள் ராணியைப் போட வேண்டிய இடத்தில ராஜாவைப் போட்டுட்டா. நாலு பேர் முன்னாடி கொஞ்சம் சத்தம் போட்டுட்டேன். எந்திரிச்சுப் போனவதான். அப்புறம் சீட்டையே தொடல."

குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வீட்லயும் அதுக்கப்புறம் பேச்சு அளவாத்தானுங்க."

டீச்சர் வேறொன்று கேட்டார்.

"இந்த ரெண்டு வருஷத்தில எத்தனை தடவை டம்மியா உட்கார்ந்தீங்க?"

நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. பிரிட்ஜில் எதிரெதிரே உட்காரும் இருவர் ஒரு கட்சி. ஏலத்தில் ஜெயித்தவர் இரண்டு கைச் சீட்டுகளையும் ஆடுவார். அவருடைய ஜோடி தன் சீட்டுகளை மேஜைமேல் விரித்து வைத்துவிட்டு, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர்தான் டம்மி.

"ஒரு தடவைகூட இல்லீங்க. கம்ப்யூட்டர்ல அந்தத் தொல்லையே கிடையாது. ஜோடி ஏலத்தில ஜெயிச்சாலும் அதோட கையையும் என்கிட்டயே குடுத்துடும். ரெண்டு கையும் நானே ஆடிக்குவேன்."

"சரி. சனிக்கிழமை உங்க சம்சாரத்தைக் கூட்டிட்டு வாங்க."

"வர மாட்டா."

"கேட்டுப் பாருங்க."

கேட்பதற்கு அவருக்கு மூன்று நாள் ஆனது.

வசந்தாமணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"ஒரு வார்த்தை சத்தம் வந்தாலும் எந்திரிச்சுருவேனுங்க" என்றாள்.

சனிக்கிழமை எதிர்க்கட்சியாக மன்றத்து உறுப்பினர்கள் இருவர் உட்கார்ந்தார்கள். டீச்சர் பக்கத்தில் நின்றார். முதல் ஆட்டத்திலேயே வசந்தாமணி நாலு இஸ்பேட் கேட்டு ஏலத்தை எடுத்துவிட்டாள். பதின்மூன்று சுற்றுகளில் பத்தை, அதாவது பத்துப் பிடி, ஜெயித்தாக வேண்டும்.

நாச்சிமுத்து தன் பதின்மூன்று சீட்டுகளையும் விரித்தார்.

பார்த்ததுமே அவருக்கு வழி தெரிந்துவிட்டது. அவள் வேறு பக்கம் போகப் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை.

வசந்தாமணி ஒரு சீட்டில் விரலை வைத்தாள். கண்ணைத் தூக்கி அவர் முகத்தைப் பார்த்தாள். விரலை எடுத்துவிட்டாள்.

இன்னொரு சீட்டு. மறுபடியும் அவர் முகம்.

ஒரு பிடி போனது. இன்னொன்றும் போனது.

"நான் வாயே திறக்கலீங்களே" என்றார் டீச்சரிடம், கெஞ்சுவதுபோல.

"ஆமா, திறக்கல. டம்மிக்கு இன்னொரு வேலையும் உண்டு சார். கீழே போய் எல்லாருக்கும் டீ வாங்கிட்டு வாங்க. அவங்க சொல்ற சீட்டை நான் எடுத்துப் போடறேன்."

நாச்சிமுத்து எழுந்தார். டீச்சர் அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

கேன்டீனில் ஐந்து டீ வாங்கி, தட்டில் வைத்துப் பதனமாகப் படியேறி வந்தார். கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளப் போனவர், அப்படியே நின்றார்.

அங்கிருந்து சீட்டுகள் தெரியவில்லை. வசந்தாமணியின் முகம் மட்டும் தெரிந்தது.

முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு சீட்டால் முகவாயைத் தட்டிக்கொண்டே யோசித்தாள். சட்டென்று அதைப் போட்டாள். எதிர்க்கட்சியில் ஒருவர் என்னவோ சொல்ல, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைப் பார்த்து அவருக்கு ரெண்டு வருஷம் ஆகியிருந்தது.

கடைசிச் சீட்டு விழுந்த பிறகுதான் கதவைத் தள்ளினார்.

காலடிச் சத்தம் கேட்டு வசந்தாமணி நிமிர்ந்தாள். சிரிப்பு நின்றது.

"ஒரு பிடி குறைஞ்சு போச்சுங்க."



நாச்சிமுத்து முதல் டம்ளரை எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் வாங்கி ஒரு வாய் குடித்தாள்.

"ஆறிப்போச்சே. கேன்டீன்ல கூட்டமா?"

"இல்ல. வந்து வெளியே நின்னுட்டிருந்தேன்."

"எதுக்கு?"

"நீ ஆடிட்டிருந்த."