கிளைக்கு மூன்று துளிர்

மாமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார் தாண்டவர். அறுபது தாண்டிய மனுஷர், சீடர் என்றால் யார் நம்புவார்கள்! அவரைவிட இருபது வயது இளைய குரு, கையில் கத்தியோடு எதிரே நின்றார்.

விஷயம் இதுதான். மடத்தைச் சுற்றியிருந்த முப்பது மாமரமும் கிழடு தட்டி, வெறும் தழையாய் மண்டி, நாலு வருஷமாய்க் காய்க்கவில்லை. நிலம் ஊருக்குச் சொந்தம். மரங்களை அறுவை மில்லுக்கு விற்றுவிடலாம் என்றார்கள் ஊர்க்காரர்கள். கன்று வைத்தவர் தாண்டவராச்சே, பதறிப்போனார். குருதான் ஊரிடம் தவணை வாங்கி, ஒரே ஒரு மரத்தின் கிளைகளை ஆளுயரத்துக்கு அறுத்து, வெட்டிய இடத்தில் சாணி பூசினார். அது பிழைத்தால் மற்றவற்றையும் விட்டுவைப்பதாகப் பேச்சு.

இரண்டு மாதம் அது மொட்டையாய் நின்றது. தாண்டவருக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு பார்த்தால், கிளைக்கு இருபது துளிர்!

இன்று சாயங்காலம் ஊர்க்காரர்கள் பார்க்க வருகிறார்கள். இந்த நேரம் பார்த்தா கத்தியைத் தூக்குவது?

“தள்ளுங்க, தாண்டவரே.”

“மாட்டேன் சாமி. ஒண்ணைத் தொட்டாலும் மடத்தை விட்டே போயிடுவேன்.”

“கிளையை அறுக்கறப்ப சும்மா இருந்தீங்களே?”

“அது கிழடு. இது பச்சைப் புள்ளை!”

“இருபது புள்ளைக்கும் ஒரே வேர்தான் சோறு போடணும். அத்தனையும் வளர்ந்தா மறுபடியும் தழைதான். கிளைக்கு மூணு போதும்.”

“அது எனக்கும் தெரியும். நாளைக்கு வெட்டுங்க, நானே கத்தி தீட்டித் தர்றேன். இன்னைக்கு இந்தப் பச்சையைப் பார்த்தாத்தானே மரம் பிழைச்சிருச்சுன்னு ஊரு நம்பும்?”

“இன்னைக்கு நம்பிட்டு, நாளைக்கு வெட்டிக் கிடக்கறதைப் பார்த்தா?”

அதற்குள் வரப்பில் பேச்சுக்குரல் கேட்டது. பாவிகள், சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள். தாண்டவர் மரத்தை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

“வீடு, வயல், பேரு, எல்லாத்தையும் ஒரே நாள்ல விட்டுட்டு வந்தவன் சாமி நான். இதை மட்டும் விட முடியலை.”

குரு கத்தியைத் திருப்பி, பிடியை அவர் பக்கம் நீட்டினார்.

தாண்டவர் வாங்கவில்லை. “நீங்களே வெட்டிடுங்க. நான் கண்ணை மூடிக்கிறேன்.”

“கண்ணை மூடிக்கிட்டு மொத்தமா விடறதுக்கு நான் எதுக்கு? மில்லு ரம்பமே போதுமே. கண்ணைத் திறந்து, எந்த மூணுன்னு பாருங்க.”