நரியின் விளாம்பழத் திட்டம்

விளாமரங்கள் மண்டிக் கிடந்த ஒரு காட்டில் கருமுகி என்றொரு மந்தி வாழ்ந்தது. அது மரத்தின் உச்சியில் உட்கார்ந்திருக்கும்; கீழே மான்கள் மேயும். தூரத்துப் புதரில் புலியின் வால் அசைந்தால் போதும், "கக்! கக்!" என்று மந்தி கத்தும். மான்கள் ஓட்டம் பிடித்துவிடும். கத்தச் சொல்லி யாரும் அதனிடம் கேட்டதில்லை.

அதே காட்டில் ஒரு நரியும் இருந்தது. கெட்ட நரி என்று நினைத்துவிடாதீர்கள் குழந்தைகளே. நல்லது செய்யத்தான் நினைத்தது. ஆனால் சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுக்கிற குணம் அதற்கு.

ஒரு நாள் அது தலைவி யானையிடம் போனது.

"தாயே, மந்தி சும்மா கத்தும்போதே இத்தனை மான்கள் பிழைக்கின்றன. கத்தலுக்கு ஒரு விளாம்பழம் என்று கொடுத்துப் பாருங்கள். ஒரு மான்கூடச் சாகாது!"

"நல்ல யோசனைதான். பழத்தை நான் உலுக்கித் தருகிறேன். திட்டம் எப்படி நடக்கிறதென்று மழை தொடங்கியதும் வந்து சொல்" என்றது யானை.

மறுநாள் மந்தி கத்தியதும் நரி ஒரு பழத்தை நீட்டியது.

"எதற்கு நரியாரே இது?"

"நீ கத்தினாயே, அதற்கு."

"அதற்கா?" மந்தி பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. பிறகு தின்றது. ருசியாகத்தான் இருந்தது.

அப்புறம் கேட்க வேண்டுமா! காற்றடித்தால் "கக்!" அணில் ஓடினால் "கக்!" நரிக்குத் தலைகால் புரியவில்லை. "பார்த்தீர்களா, கத்தல் பெருகிவிட்டது!" என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லி மகிழ்ந்தது.

செம்புள்ளி என்ற தாய்மான் தன் குட்டியோடு மூச்சிரைக்க வந்து நின்றது. "நரியாரே, ஓடி ஓடிக் கால் ஓய்ந்துவிட்டது. ஒரு வாய் புல் மேய முடியவில்லை."

நரி காதைச் சொறிந்தபடி யோசித்தது. "இனிமேல் புலியை நான் என் கண்ணால் பார்த்தால்தான் பழம்" என்று மந்தியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது.

பொய்க் கத்தல் நின்றுபோனது. நரிக்குத் தன் மூளையை எண்ணித் தனக்கே பெருமை தாங்கவில்லை.

முதல் மழை பெய்தது. நரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு யானையிடம் போனது. "தாயே, திட்டம் முழு வெற்றி! மந்தி இப்போது பொய்யே சொல்வதில்லை" என்று அளந்துகொண்டிருந்தபோது, செம்புள்ளி தள்ளாடி வந்தது. கூடவே துள்ளி வரும் குட்டியைக் காணவில்லை.

"உன் பிள்ளை எங்கே?" என்றது யானை.

"புலி கொண்டுபோய்விட்டது, தாயே."

"மந்தி கத்தவில்லையா?"

"கத்தவில்லை."

நரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எல்லோரையும் அழைத்துக்கொண்டு மரத்தடிக்கு ஓடியது. "ஏ கருமுகி! தூங்கிவிட்டாயா? புலியைப் பார்க்கவில்லையா?"

"பார்த்தேன்" என்றது மந்தி. "நீங்களும் பார்த்தால்தானே பழம்? வந்துவிடுவீர்கள் என்று காத்திருந்தேன்."

நரிக்குச் சுரீர் என்றது.

யானை மெதுவாகக் கேட்டது: "முன்பெல்லாம் யார் வந்து பார்த்தார்கள், கருமுகி? யார் பழம் கொடுத்தார்கள்?"

மந்தி இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டது. "யாரும் கொடுக்கவில்லை, தாயே. குட்டி தப்பித்தால் எனக்கு வயிறு நிறைந்தது போலிருக்கும். இன்று புலி வந்தபோது பழம்தான் நினைவுக்கு வந்தது. குட்டியின் நினைவே வரவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது."

நரியோ பழக்க தோஷத்தில், "திட்டத்தில் ஒரு சிறு திருத்தம்... இனிமேல் இரண்டு பழமாக..." என்று ஆரம்பித்தது.

அப்போதுதான் செம்புள்ளியின் மடி அதன் கண்ணில் பட்டது. குடிக்கப் பிள்ளையில்லாமல் பால் மண்ணில் சொட்டிக்கொண்டிருந்தது.

வெட்கம் நரியைப் பிடுங்கித் தின்றது. "மந்தியைத் திட்டாதீர்கள். நான்தான் கெடுத்தேன்" என்று தலைகுனிந்து சொன்னது.

செம்புள்ளி மடி கனக்க மெல்ல நடந்து காட்டுக்குள் போனது.

நீதி: அன்பால் நடக்கும் காரியத்துக்குக் கூலி வைத்தால், கூலி நிற்கும் இடத்தில் காரியமும் நின்றுவிடும்.