சாட்சியில்லாத கல்

துன்மதி வருஷம் ஐப்பசியில் புயல், தையில் பஞ்சம், மாசியில் பேதி என்று வரிசையாக வந்து வேலங்குடியை வழித்துப் போட்டுவிட்டன. பங்குனியில் கும்பினித் துரை ஊர் பார்க்க வருகிறார் என்றதும், வரி வசூலிக்கும் அமல்தார் நரசிங்கராவ் கல்தச்சன் சடையாண்டியைக் கூப்பிட்டனுப்பினார்.

"இந்த வருஷம் குடிகள் குறையில்லாமல் வாழ்ந்தார்கள் என்று சாவடிக் கல்லில் வெட்டுடா. மாட்டேன் என்றால் உன் கை போய்விடும்."

பெண்சாதியை மாசியில் மண்ணுக்குக் கொடுத்திருந்த சடையாண்டி, சரியென்று தலையாட்டினான்.

துரை வந்து கல்லை மூடியிருந்த துணியை விலக்கினார். துபாஷி அதை இங்கிலீஷில் வாசித்துச் சொன்னார். சொன்னபடியே வாசகம் இருந்தது. கீழே 'இதற்குச் சாட்சி' என்று வெட்டி, அதோடு நின்றிருந்தது.

"ஏன் பாதியில் விட்டாய்?" என்று துரை கேட்டார்.

"தெருவுக்கு ஒருவராக ஏழு பேர் சாட்சி நிற்காத கல்லை இந்த ஊர் ஒப்புக்கொள்ளாது, எசமான். நானும் தட்டாத கதவில்லை. அமல்தார் ஐயா ஆளைக் காட்டினால் இப்போதே வெட்டிவிடுகிறேன்."

துரை அமல்தாரை முன்னே நடக்கவிட்டார். ஏழு தெருவிலும் ஒரு அடுப்பில்கூடப் புகை இல்லை. திரும்பி வந்தபோது அமல்தாருக்குப் பதவி இல்லை.

"கல்லை உடைத்துவிடு" என்றார் துரை.

"வேண்டாம் எசமான். மேல்வரியை மட்டும் கொத்தி அழித்துவிடுகிறேன். சாட்சிகள் சுடுகாட்டில் இருக்கிறார்கள், எல்லார் பேரும் எனக்குத் தெரியும்."

உளியை வைத்து முதலில் பெண்சாதி பேரை வெட்டினான்.