கழுகுப் பாறைக்குப் போன உடும்பு

ஒரு காட்டில் ஒரு கல்விச்சாலை இருந்தது, பிள்ளைகளே. அங்கே கரடி வைத்தியம் கற்றுக்கொடுத்தது. உடும்பு நூலகத்தைப் பார்த்துக்கொண்டது.

காட்டு நூலகத்தில் ஏடு ஏது, எழுத்து ஏது! எந்த நோய்க்கு யார் எதைத் தின்றார்கள், தின்றபின் என்ன ஆனார்கள் என்று கண்ணால் கண்டவர்கள் காடு முழுக்கச் சிதறிக் கிடந்தார்கள். அவர்களைத் தேடிப் பிடித்துக் கேட்டு வருவதுதான் உடும்பின் வேலை. உடும்புப் பிடி என்று சும்மாவா சொன்னார்கள்?

அந்த வருடம் விஷக்காய்ச்சல் பரவியது. ஒரு தாய்மான் தன் குட்டியை முட்டித் தள்ளி நடத்திக்கொண்டு கரடியிடம் வந்தது. குட்டியின் உடம்பு அனலாகக் கொதித்தது. கால் நிற்கவில்லை.

"வைத்தியரே, முன்னே பெற்றதைப் புலி தின்றுவிட்டது. எனக்கு இது ஒன்றுதான் மிச்சம்" என்று மான் அழுதது.

கரடி குட்டியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தது.

"கசப்புப் பட்டை இந்தக் காய்ச்சலைத் தணிக்கும் என்கிறார்கள். ஆனால் பேச்சை நம்பி நான் யார் வாயிலும் மருந்து வைப்பதில்லை. உடும்பாரே, கேட்டு வாருங்கள்" என்றது.

"கேள்வியை இப்போதே சரியாகச் சொல்லிவிடுங்கள், ஐயா. வழியில் அதை மாற்றக் கூடாது."

"இந்தக் காய்ச்சலில் கசப்புப் பட்டை தின்றவர்கள் என்ன ஆனார்கள்? நல்லதோ கெட்டதோ, கேட்டது அத்தனையும் கொண்டு வாருங்கள்."

உடும்பு புறப்பட்டது. மேட்டுக்காட்டில் அந்தப் பட்டைக்கு வேறு பெயர். அந்தப் பெயரையும் சொல்லிக் கேட்டது. குரங்குகள் ஆளுக்கொரு கதை சொல்லின. துருவிப் பார்த்தால் எல்லாம் ஒரே கிழக்குரங்கு பிழைத்த கதை! அத்தனையையும் ஒரே சாட்சியாகவே உடும்பு கணக்கில் வைத்துக்கொண்டது. பன்றியும் மிளாவும் காட்டெருமையும் சொன்னது ஒன்றே: "தின்றோம், பிழைத்தோம்."

உடும்பு வந்து சொன்னதும் கரடி பட்டையை இடித்தது. ஆனாலும் வழக்கமாகக் கேட்கும் கடைசிக் கேள்வியைக் கேட்டது.

"தேடாமல் விட்ட இடம் உண்டா?"

உடும்பு தலையைக் கவிழ்த்துக்கொண்டது.

"உண்டு. கழுகுப் பாறை. அந்தப் பிணந்தின்னிகளிடம் நான் போகவில்லை. என் துணை செத்துக் கிடந்தபோது என் கண்ணெதிரே கொத்தித் தின்றார்கள். அந்த முகங்களைப் பார்க்க என்னால் முடியாது, ஐயா."

தாய்மான் பதறியது. "ஐயையோ! இத்தனை பேர் சொன்னது போதாதா? பிணம் தின்பவர்களிடமா என் பிள்ளைக்கு மருந்து கேட்பீர்கள்? கண் செருகுகிறது, பாருங்கள். கொடுத்துவிடுங்கள்!"

கரடி குட்டியைப் பார்த்தது. இடித்த கல்லைக் கீழே வைத்தது.

"போயே ஆக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன், உடும்பாரே. ஆனால் எல்லாம் தேடியாயிற்று என்றும் என்னால் சொல்ல முடியாது."

உடும்பு போனது. பாறையில் ஏறியது. பாதியில் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தது. உச்சியில் ஒரு முதிய கழுகு உட்கார்ந்திருந்தது.

"வா. இங்கே கேள்வியோடு யாரும் வந்ததில்லை" என்றது கழுகு.

உடும்பு அழுகையை விழுங்கிக்கொண்டு கேட்டது. "காய்ச்சலில் கசப்புப் பட்டை தின்றவர்களைத் தெரியுமா?"

"தெரியும். பிழைத்தவர்கள் உன்னிடம் பேசினார்கள். பிழைக்காதவர்கள் எங்களிடம் வந்தார்கள்."

"யார் அவர்கள்?"

"எல்லாம் பால்குடிக் குட்டிகள். வாயோரம் பட்டைச் சாறு காய்ந்து ஒட்டியிருந்தது. வெறும் காய்ச்சலில் செத்த குட்டிகளும் வந்தன, ஆனால் கொஞ்சம்தான். பட்டை தின்று வந்தவைதான் நிறைய. வளர்ந்தவர்கள் யாரும் அப்படி வரவில்லை."

"பெற்றவர்கள் இதை என்னிடம் சொல்லவே இல்லையே!"

"தாங்களே ஊட்டியதை எந்த வாயால் சொல்வார்கள்?"

உடும்பு சறுக்கியும் உருண்டும் இறங்கி ஓடிவந்தது. கரடி தண்ணீர் கொண்டுவரப் போயிருந்தது. பொறுக்க முடியாத தாய்மான், இடித்த பட்டையைக் கவ்விக் குட்டியின் வாயருகே கொண்டுபோயிருந்தது.

"கொடுக்காதே, அம்மா! கொடுக்காதே! அது பெரியவர்களுக்கு மருந்து, குட்டிகளுக்கு எமன்!"

மான் சட்டென்று பட்டையைத் துப்பியது. அதற்குள் கரடியும் வந்துவிட்டது.

"அப்படியானால் என் பிள்ளைக்கு என்னதான் மருந்து?"

"எனக்குத் தெரிந்து மருந்து இல்லை, தாயே" என்றது கரடி. "பிழைக்குமா என்றும் தெரியாது. உடம்பை நனைத்துக்கொண்டே இருப்போம். நீ பாலைக் கொடுத்துக்கொண்டே இரு."

ஆற்றங்கரை ஈரமணலில் மூவரும் குட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மாறி மாறி அதன்மேல் தண்ணீர் தெளித்தார்கள். நாள் சென்று காய்ச்சல் இறங்கியது. குட்டி தட்டுத்தடுமாறி எழுந்து பால் குடித்தது.

நடக்கத் தெம்பு வந்ததும், மான் குட்டியோடு கழுகுப் பாறையின் அடிவாரத்துக்குப் போனது.

"உங்களைப் பழித்துப் பேசினேன். பொறுத்துக்கொள்ளுங்கள். என் பிள்ளையைப் பார்த்து ஒரு வார்த்தை வாழ்த்துங்கள்."

முதிய கழுகு கீழே பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"கூட்டிக்கொண்டு போ, தாயே. உன் பிள்ளை நெடுங்காலம் எங்கள் கண்ணில் படாமலே இருக்கட்டும்."

நீதி: கேட்க மனம் வராத இடத்திலும் கேட்ட பிறகே, தேடி முடித்தேன் என்று சொல்.